கதவு எண்

வாயுதான் என்றார் வீரையா.
கோடாரித் தைலம் தேய்த்தார்கள்,
ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள்.
வியர்வை மட்டும் அதை நம்பவில்லை.

ஒன்பது ஒன்பது ஒன்பதை அழுத்தும்போது
அரைமணி போயிருந்தது.
அம்புலன்ஸ் வந்தது,
செம்பனைக்குள் திரும்பிப் பழைய பாக்டரிவரை போய்
கோயில் முச்சந்தியில் நின்று
எண் தேடியது.
எங்கள் வரிசையில் எந்தக் கதவிலும் எண் இல்லை.
தபால்காரருக்கு எங்கள் முகமே போதும்.

பதினாறு முடிந்த மறுநாள்
டவுனில் ஒரு டின் வெள்ளைப் பெயிண்ட் வாங்கினேன்.
சுவரில், என் இடுப்புயரத்துக்கு: 30.
"கடையா திறக்கப்போறே?" என்றார் தனபாலன்.

சிரிக்கட்டும்.
நாயைக் கட்டுவது மகன் வேலை.
விளக்கைப் போட்டுச் சாலையில் நிற்பது மகள்.
நெஞ்சை அழுத்தி எண்ணுவது நான்;
கிளினிக் மிஸ்ஸி
பொம்மையின் மார்பில் என் கையை வைத்து
"இன்னும் அழுத்துங்க" என்றாள்,
எலும்பு உடைந்தாலும் பரவாயில்லையாம்.

அவரும் இப்போது
லாரியை ஓரங்கட்டி
சாப்பாட்டுக் கடையில் ரொம்ப நேரம் யோசித்து
"தே ஓ கோசோங்" என்கிறார்,
யாரையோ காட்டிக்கொடுப்பவர் போல.

பெயிண்ட் வழிந்து
மூன்றுக்குப் பக்கத்துக் கோசோங்
கொஞ்சம் கோணல்.
நேற்றிரவு மழையில்
முச்சந்தியில் நின்று பார்த்தேன்.

தெரிகிறது.