எழுந்ததும் வாயில் என்ன ருசி

ஜாம்நகரில் எட்டு மணிக்கே
வெயில் பித்தளை நிறத்துக்கு வந்துவிடும்.
ஆயுர்வேத ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலுக்குள்
நான்.
சூரணத்தைத் தராசில் இட்டு
பழைய பேப்பரில் மடித்து
வெளியிலிருந்து நீளும் கையில் வைப்பது என் வேலை.
அரைச்சாண் ஜன்னல். முகம் தெரியாது.
கைகளைத் தெரியும்.

தேவ்சியின் கையில் ரேகைக்கு ரேகை மினுமினுப்பு.
கல்யாணத்துக்குப் போய்வந்த கை என்று நினைத்தேன்.
கடைசல் பட்டறையாம்,
பதினெட்டு வருஷம்,
குழாய்த் திருகு, பூட்டு, பிளக்கின் முள்.

ஹேதல் வைத்யா அறைக்கதவைச் சாத்துவதில்லை.
கேட்காமல் இருக்க முடியாது.

பசி எப்போது வரும்?
டீ குடித்தால் போய்விடும்.
கனவு?
தூங்கினால்தானே.
கோபம்?
மேஸ்திரியைப் பார்த்தால்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
எழுந்ததும் வாயில் என்ன ருசி?

நாற்பத்தொரு வயதில்
அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை போலும்.
வெகுநேரம் சத்தமே இல்லை.
ஆறு சுவை வைத்திருக்கிறோம்,
கசப்பு, துவர்ப்பு என்று எதையாவது எடுத்துக்கொள்ளலாம்.
அவன் ஏழாவதைச் சொன்னான்:
கதவுத் தாழ்ப்பாள்.

மணிக்கட்டில் அவள் மூன்று விரல்.
பாம்பா, தவளையா, அன்னமா
எது நடந்து போகிறதென்று விரல்கள் கேட்கும்.
பிறகு, ஈறைக் காட்டு என்றாள்.
ஈறோரம்
ஊதா மசியில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி
ஒரு கோடு.

எனக்குப் பின்னால் அலமாரியில் நாக பஸ்பம் இருக்கிறது,
ஈயம்தான்,
புடம் புடமாய் எரித்து மருந்தென்று பெயர் வாங்கியது.
அவள் வந்து அதைப் பார்த்தாள். பூட்டினாள்.
சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

சீட்டில் நீளமாய்க் கஷாயம் இருக்கும் என்று
குடுவையை எடுத்து வைத்திருந்தேன்.
ஒரே வரி:
ரத்தத்தில் ஈயம் பார்க்கவும். பெரிய ஆஸ்பத்திரி.
அதன் கீழே, பத்தியம்:
மெஷின் பக்கத்தில் டிபன் திறக்காதே.
சட்டையைப் பட்டறையிலேயே கழற்று.
குளிக்காமல் பிள்ளையைத் தூக்காதே.

மருந்து? என்றது கை.
இன்றைக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை, ரிசல்டோடு வா.
கை உடனே போகவில்லை.
காசு வாங்காத ஆஸ்பத்திரியில்கூட
வெறுங்கையை உள்ளிழுக்க
ஒரு கூச்சம் இருக்கிறது.
என் சோப்பை, பாதி தேய்ந்தது,
அதில் வைத்தேன்.

பலகையில் தங்கம் போல் கொஞ்சம் தூள்.
துடைத்தேன். துணியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் விடியலில் பல் தேய்க்குமுன்
நாக்கைத் துழாவிப் பார்த்தேன்.
சுக்கு.
என் பதினாறு வருஷச் சுக்கு.

செவ்வாய்க்கென்று முன்கூட்டியே நிறுத்து
மேலே தேவ்சி என்று எழுதி வைத்தேன்,
நெஞ்செரிச்சலுக்கு, சர்க்கரை சேர்ந்த சூரணம்.
இரண்டு செவ்வாய் போயிற்று.
கடலிலிருந்து ஈரக்காற்று ஆரம்பித்துவிட்டது.
பொட்டலத்தை இன்று மறுபடி தராசில் வைத்தேன்.
கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது.