இரண்டு வால்

வண்டியிலிருந்து இறங்கியதும் நான் கேட்பது
"பிளக் எங்கே?"
வணக்கம்கூட அதற்குப் பிறகுதான்.

மூன்று மோட்டார். மூவாயிரத்து அறுநூறு வாட்.
ஒரு பிளக்கில் அடங்குகிற பசி இல்லை,
அதனால் இரண்டு வால் என் இயந்திரத்துக்கு.
ஒன்றைச் சமையலறைச் சுவரில் செருகுவேன்,
மற்றதை ஜன்னல் வழியே மாடிக்கு ஏற்றுவேன்.
இரண்டும் ஒரே லைனில் போய்,
யாரோ டீக்குக் கெட்டிலையும் தட்டிவிட்டால்
டப்.
வீடே கண்ணை மூடிக்கொள்ளும்.

கேபிள் உருளையைக் கடைசி முழம்வரை அவிழ்க்கவேண்டும்.
சுருண்டு கிடக்கும் வயர் தன் சூட்டிலேயே வேகும்.
போன ஜனவரியில் அப்படி ஒன்று உருகி
திருமதி பெவனின் புதுக் கம்பளத்தில்
கறுப்பாய் ஒரு வளையம். இருநூற்றெழுபது பவுண்டு.

இன்று அபர்ட்டிலரி.
மலைச்சரிவில் தோளோடு தோள் ஒட்டிய வீடுகள்,
மழை விட்டுக்கொடுத்த ஒரு மணி நேரம்.
கதவைத் திறந்தவள் நெரிஸ். இடுப்பில் பிள்ளை.
"வீட்டுக்காரரின் ஆபீஸ் சொன்னது. செருகிக்கொள்ளுங்கள்."

எட்டு மீட்டர் கார்பன் குழாய்,
உச்சியில் கேமரா, கையில் திரை.
கூரை வாய்க்காலில் பாசி, ஸ்லேட் துணுக்கு,
பாதி மக்கிய டென்னிஸ் பந்து.
கருஞ்சேறு டிரம்முக்குள் தொப்பென்று விழும் சத்தம்
எனக்குப் பிடிக்கும்; வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கடைசி இரண்டு கஜத்தில் குழாய் மூச்சை விட்டது.
உறிஞ்சியதெல்லாம் பாதிவழியில் நின்று, யோசித்து,
என் தலைக்கே திரும்பி வந்தது.

ஃபியூஸ் என்றுதான் நினைத்தேன்.
உள்ளே, மாடிப்படிக்கு அடியில் குந்தி
போன் வெளிச்சத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
முன்பணம் போட்டால்தான் ஓடும் மீட்டர்.
"நாற்பத்தெட்டு பென்ஸ் இருந்தது," என்றாள்,
"நாளைவரைக்கும்."
குற்றம் சொல்லும் குரல் இல்லை, கணக்குச் சொல்லும் குரல்.
வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள்
பிள்ளையின் சட்டைகள் நுரையோடு நின்றிருந்தன.

பதினொரு வருடம்.
ஆம்பியர் கேட்டிருக்கிறேன், லைன் கேட்டிருக்கிறேன்,
ஃபியூஸ் பெட்டி எந்த அலமாரியில் என்று கேட்டிருக்கிறேன்.

அவளுடைய அட்டையை வாங்கிக்கொண்டு
முனைக் கடைக்கு நடந்தேன், சேறு சொட்டச் சொட்ட.
பத்து பவுண்டு.
நான் தின்றது ஒரு பவுண்டுகூட இருக்காது என்றாள்.
தெரியும் என்றேன்.
மிச்ச இரண்டு கஜத்தையும் முடித்தேன்.

ஆபீஸுக்குப் போன பில்லில்
கூலிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
தீனி, பத்து பவுண்டு.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.
"தீனி என்றால்? நாய் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?"

ஆமாம் என்றேன்.
இரண்டு வால்.