இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

நாங்கள் நாலு பேர்.
தயாமணி, ஜெசிந்தா, வசந்தகோகிலா, நான்.
பெங்களூர் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில்
ராத்திரி முழுக்கக் கயிறு செருகி
ஊரையும் ஊரையும் ஒட்டிவைத்தவர்கள்.
குழுவுக்கு ஜெசிந்தா வைத்த பெயர் நைட் டியூட்டி.

பிரிகேட் ரோட்டுக் காபிக் கடை ஜூக்பாக்ஸில்
எட்டணா போட்டுப் போட்டுக் கற்றது.
எங்கோ அமெரிக்காவில் மூன்று கறுப்பினப் பெண்கள்
தொண்டையைக் கிழிக்காமல்
கேட்கிறவர் நெஞ்சை மட்டும் கிழித்தார்கள்.
பாஸ்டர் கேட்டார், இது என்ன சங்கீதம் பிள்ளைகளே.
சோல், ஐயா. ஆத்துமா.
ஸ்தோத்திரம் என்று சொல்லி
ஒத்திகைக்கு வேதபாட அறையின் சாவியைக் கொடுத்தார்.
நாங்கள் பாடியதில் கர்த்தர் ஒரு வரியிலும் இல்லை.
ஓடிப்போனவன் இருந்தான், வீட்டு வாடகை இருந்தது,
விடிகாலை ஐந்தரை பஸ் இருந்தது.

எழுபத்து நாலு, மே. ரயில் ஸ்ட்ரைக்.
தண்டவாளத்தில் போக வேண்டியதெல்லாம்
கம்பியில் போயிற்று.
யாருக்கும் லீவு இல்லை என்று
மிஸஸ் டிக்ரூஸ் பலகையில் எழுதி அடிக்கோடிட்டாள்.
சிவாஜிநகர் மரச்சாமான் கடைக்குப் பின்னால்
முட்டை அட்டை ஒட்டிய ஸ்டூடியோ,
அந்த ஒரு ஞாயிறு மட்டும் பாதி வாடகை.
டாக்டர் மூன்று பேருக்குக் காய்ச்சல் எழுதினார்.
நாலாவது காய்ச்சலை எவனும் நம்ப மாட்டான் என்றார்.
சீட்டுக் குலுக்கினோம்.

என் பெயர்.

உன் குரலை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.
அப்புறம் வந்தபோது பணம் வரவில்லை.
ஆனால் என் இடத்தை அவர்கள் எடுத்துப் பாடவில்லை.
மேலே தயாமணி, அடியில் ஜெசிந்தா,
ஓரமாகக் கோகிலா.
நடுவில் நான் நிற்கும் இடம்
பந்தியில் யாருக்கோ போட்டுவைத்த இலை மாதிரி.

'ட்ரங்க் கால்' என்று பேர் போட்டு
முந்நூறு தட்டு அடித்தோம். நூற்றுப் பன்னிரண்டு விற்றது.
மீதி கோகிலா வீட்டுப் பரணில்,
மழை ஒழுகும் மூலையில்.
தயாமணி அபுதாபிக்குப் போனாள். ஜெசிந்தா செத்துப்போனாள்.
எக்ஸ்சேஞ்சுக்கு மெஷின் வந்தது,
என்னை பில்லிங் பிரிவில் உட்கார வைத்தார்கள்.
நாங்கள் பாடினோம் என்பதே
எனக்குச் சில வருடம் மறந்திருந்தது.

லிங்கராஜபுரத்தில் ஒரு பையன்
பழைய பேப்பர் கடையில் அந்தத் தட்டைக் கிலோவில் வாங்கினான்.
பதினொரு விநாடியை வெட்டித் தன் தாளத்தில் ஒட்டினான்.
அதைக் கேட்டு கம்மனஹள்ளியில் ஒரு குழு,
அவர்களைக் கேட்டு கொச்சியில், ஷில்லாங்கில்.
எல்லோரும் நடுக்குரலை விட்டுவிட்டே பாடுகிறார்கள்.
பெங்களூர் ஓட்டை என்று அதற்குப் பெயராம்.
ஆய்வு எழுதிய ஒரு மாணவி சொல்கிறாள்,
வேண்டுமென்றே திறந்துவைத்த கதவு அது,
முதல் ஆல்பத்திலேயே இத்தனை துணிச்சல் யாருக்கு வரும்.
மிஸஸ் டிக்ரூஸுக்கு நன்றி சொல்லியிருக்கலாம்.

போன டிசம்பர், இந்திராநகர்.
டிக்கெட் எண்ணூறு, நாற்காலி கிடையாது.
முழங்கால் வலியோடு கடைசியில் நின்றேன்.
இருபது வயதுப் பிள்ளைகள் நாலு பேர்
இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டை எடுத்தார்கள்.
அந்த இடம் வந்ததும்
நாலாவது பெண் வாயை மூடிக்கொண்டு
கண்ணையும் மூடிக்கொள்கிறாள்.
அவ்வளவு பயிற்சி.
என் வாய் திறந்துவிட்டது.
நாலே ஸ்வரம். சன்னமாகத்தான்.
பக்கத்தில் நின்றவள் திரும்பினாள், கோபமில்லை,
ஆன்ட்டி, அங்க ஒண்ணும் வராது.
அங்க பாடக்கூடாது, அதுதான் அழகே.
சரிம்மா என்றேன்.

அந்த ஞாயிறு மத்தியானம்
ஹூப்ளியில் ஒருவன், அரக்கோணத்தில் ஒருத்தி.
ஹலோ. ஹலோ.
அதற்கு மேல் பேச்சே இல்லை.
கம்பி அறுந்ததோ என்று இருமுறை பார்த்தேன். அறவில்லை.
ஹெட்போனில் இரண்டு ஊர் மூச்சு.
மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா என்றேன்.
இருவரும் ஒரே நேரத்தில்
நீட்டுங்க என்றார்கள்.