குறைந்தபட்சம் ஒன்று

கந்தன்சாவடியில், டயர் கடைக்கு மேலே, நாலாவது மாடியில்
எனக்கு வேலை அடிப்பது.

வைக்கோல் அடைத்த ஒரு பூதம்.
அதற்கு உயிர் முந்நூறு, கவசம் நாற்பது.
என் கையில் பன்னிரண்டு மதிப்புள்ள கோடரி.
அடித்ததும் அதன் தலைக்கு மேல் ஓர் எண் எழும்பி
சோடாக் குமிழி போல உடைந்துபோகும்.
உடைவதற்குள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பலத்தை இரண்டால் பெருக்கு,
கோடரியைக் கூட்டு, கவசத்தைக் கழி.
பலம் முப்பதென்றால் முப்பத்திரண்டு விழ வேண்டும்,
மூன்று முன்னே பின்னே இருக்கலாம்.
வேகம் அடியைப் பெரிதாக்காது,
அடுத்த அடியைச் சீக்கிரம் கூட்டிவரும்.
அறிவை எவ்வளவு ஏற்றினாலும் கோடரிக்குத் தெரியாது.

பலம் நாற்பதைத் தாண்டிவிட்டால்
அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு புள்ளிக்கும் பாதிக் கூலி.
இந்த விதியை எழுதியவர்
சம்பள உயர்வுக் கடிதம் வாங்கிய அன்று எழுதியிருப்பார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
சர்வீஸ் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர்.
பலம் பத்தே உள்ள ஒரு நோஞ்சானை உருவாக்கி
அடிக்கவிட்டேன்.
இருபதும் பன்னிரண்டும் முப்பத்திரண்டு,
அதில் நாற்பது போக
பூதத்தின் தலைக்கு மேல், பச்சையில், எட்டு.
உயிர் முந்நூற்றெட்டு.
அடிக்க அடிக்கத் தெம்பாகிறது பூதம்.

'பலவீனமானவன் அடித்தால் எதிரி குணமாகிறான்'
என்று பிழைப் பட்டியலில் ஏற்றினேன்.
திரும்பப் படித்தபோது
அது பிழை மாதிரித் தெரியவில்லை.

ஃபர்ஹானா மூன்றே சொல்லில் பதில் போட்டாள்:
குறைந்தபட்சம் ஒன்று வை.

வெள்ளிக்கிழமை புது பில்ட் வந்தது.
லிஃப்ட் அன்றும் ஓடவில்லை.
இருபது லிட்டர் கேனைத் தோளில் சாய்த்துக்கொண்டு
டில்லிபாபு படியேறி வந்தான், காலையிலிருந்து ஆறாவது கேன்.
இறக்கிவைத்துவிட்டு முட்டியைப் பிடித்தபடி நின்றான்.
(முட்டிக்கு எங்கள் விளையாட்டில் எண் கிடையாது.
மாடிப்படிக்குத் தாக்குதிறன் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.)

"இன்னா மேடம், எப்போ வந்தாலும் அட்ச்சினே கீறீங்க.
அவன் திருப்பி அடிக்கவே மாட்டானா?"

கன்ட்ரோலரை நீட்டினேன்.
புது ஆள், கையில் இருபது புள்ளி,
எதில் வேண்டுமானாலும் போடலாம் என்றேன்.
பலத்தைக் காட்டி, இதில் போட்டால்தான் அடி விழும் என்றும் சொன்னேன்.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சிரித்தான்.
"பலந்தான் நம்மகிட்ட கீதே மேடம்,
அங்கயும் இன்னாத்துக்கு?"

இருபதையும் அதிர்ஷ்டத்தில் கொட்டினான்.

பிறவிப் பலம் ஐந்து.
பழைய கணக்கென்றால் பூதத்துக்குப் பதினெட்டு லாபம்.
ஒன்று விழுந்தது.
ஒன்று.
ஒன்று. ஒன்று. ஒன்று.
அப்புறம் மஞ்சளில், பெரிதாக, நடுங்கிக்கொண்டே
இரண்டு!
டில்லிபாபு போட்ட கூச்சலில்
கணக்குப் பிரிவு ஆள் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

நாற்பத்தொன்று எடுத்திருந்தான்,
கீழேயிருந்து வண்டிக்காரன் போன் செய்தபோது.
சேவ் பண்ணி வைங்க மேடம் என்று சொல்லிவிட்டு
காலி கேனில் தாளம் தட்டிக்கொண்டே இறங்கினான்.
இரண்டாவது மாடி வரை கேட்டது.

திரையில் பூதம் அப்படியே நிற்கிறது.
உயிர் இருநூற்று ஐம்பத்தொன்பது.
ஆறு மணிக்குள் இதை அழித்துவிட்டு
வாள் சோதனையைத் தொடங்கியாக வேண்டும்.
பெயர் கேட்ட கட்டத்தில் டில்லி என்று தட்டினேன்.
செவ்வாய்க்கிழமைதான் அடுத்த தண்ணீர்.