ஒன்பதாம் சுற்றுக்குப் பின்

குய்செப்மண்டில் எல்லோரும் சொல்கிறார்கள்:
துஹாஃபெனியின் வெற்றியைத் திருடிவிட்டார்கள்.
மீன் ஆலை வாசலில் ஷிஃப்ட் மாறும் நேரம்
ரப்பர் கையுறை கழற்றாத பெண்கள்
அவன் ஜெயித்த சுற்றுகளை
விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறார்கள்.
முடிவெட்டியவர் காசு வாங்கவில்லை.

நடுவர் மூவரில் ஒருவர் அவன் பக்கம்.
மற்ற இருவரும் விண்ட்ஹூக்கில் அன்று
எந்தச் சண்டையைப் பார்த்தார்களோ!
நானும் அப்படித்தான் சொல்கிறேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

ஆனால் நான் அவன் மூலையில் நின்றவன்.
ஒன்பதாம் சுற்று முடிந்து
ஸ்டூலில் வந்து விழுந்தவனின் புருவத்தில்
பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.
"படகெல்லாம் கிளம்பிடுச்சா?" என்றான்.
கடல் அரைநாள் பயணத் தொலைவில்.
"கிளம்பிடுச்சு. கையைத் தூக்கி வெச்சுக்கோ."
போனான். மூன்று சுற்றும் அடித்தான்.
அரங்கம் எழுந்து நின்று கத்தியது.

சுத்தமாகத் தோற்றிருந்தால்
கையுறையை ஆணியில் மாட்டியிருப்பான்.
இரண்டு புள்ளி
அவனுக்கு வரவேண்டிய கடன்.
விடியுமுன் எழுந்து
வசூலிக்க ஓடுகிறான்
உப்பளம் வரை, மூடுபனிக்குள்.

மறுபோட்டிக்குத் தாள் வந்துவிட்டது.
கையெழுத்துப் போடப் பேனா தேடுகிறான்,
மேசையடியில், சட்டைப்பையில்.
பேனா அவன் காதில் செருகியிருக்கிறது.
எல்லோரும் சிரிக்கிறார்கள். அவனும்.

"நீ என்ன சொல்றே?" என்கிறான் என்னை.
முப்பத்தாறு வயது. வாடகை பாக்கி.
பிறக்கப்போகும் பிள்ளை.
படகைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து
"இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்கிறேன்.

"இது ஒரு கேள்வியா" என்கிறான்.
நாள்காட்டி தொங்கும் சுவர் பக்கம்
மெல்லத் திரும்புகிறான்.