காத்திருக்கத் தேவையில்லை

நோன்பு இருபத்தொன்பது.
ருவியில், பணமாற்றுக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
மாலை நான்கு பத்துக்கு வந்தது அறிவிப்பு:

நாள்காட்டி லைப்ரரியின் ஏழாம் வெர்ஷன் தயார்.
வேகம் இரண்டு மடங்கு.
பழைய பிழைகள் பதினான்கு தீர்ந்தன.
பெருநாள் தேதியை இனி கணக்கே சொல்லிவிடும்,
காத்திருக்கத் தேவையில்லை.

யாரோ, மழை பெய்யும் ஏதோ ஊரில்
ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதிய வரி.

எங்களுடையது பேருந்துக் கம்பெனி.
நாளை பெருநாள் என்றால்
முதல் வண்டி எட்டு மணிக்கு, நிதானமாக.
நோன்பு முப்பது என்றால்
ஐந்தேகாலுக்கே கிளம்ப வேண்டும்
ருசைல் தொழிற்பேட்டைக்கு.
எந்த அட்டவணை என்று
சர்வர் அந்த லைப்ரரியிடம்தான் கேட்கும்.
லைப்ரரி இதுவரை எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிஜோய் தானியங்கி அப்டேட்டைத்
திறந்தே வைத்திருந்தான்,
வாடகை வீட்டுக் குழாய் மாதிரி.
நான் குறிப்பைப் படித்து முடிக்குமுன்
ஏழாம் வெர்ஷன் உள்ளே வந்து
செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டது.
திரையில்: நாளை பெருநாள்.
போன வாரம் எடிட்டரில் குடியேறிய ஏஐ உதவியாளும்
பணிவாகக் கேட்டது:
டெஸ்ட் எல்லாம் பச்சை. அனுப்பிவிடட்டுமா?

பொறு, என்றேன்.
ஒரே தெருவில் இரண்டு பெருநாள் பார்த்து வளர்ந்தவள் நான்.
வெர்ஷன் சண்டை எனக்குப் புதிதில்லை.

பேரீச்சம்பழத்தோடு மொட்டைமாடிக்குப் போனோம்.
ருவியில் நின்று பிறை தேடுவது வீண்.
சுற்றிலும் மலை, மேற்கே தூசி,
காலடியில் ஏசி யூனிட்டுகளின் சூடான மூச்சு.
"என் தம்பி சூரில் ஒரு குன்றின்மேல் நிற்கிறான்,
தொலைநோக்கியோடு" என்றார் சுலைமா மேடம்.
பகலெல்லாம் எங்கள்முன் தண்ணீர்கூடக் குடிக்காத பிஜோய்
இரண்டாவது சமோசாவில் இருந்தான்.

அக்கம்பக்கத்து நாடுகளில் பெருநாளாம்.
ஒவ்வொரு போனாகச் சிணுங்கியது.
ஏழாம் வெர்ஷன் சொன்னது சரிதான்,
ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம்.

ஏழே முக்காலுக்கு மேடத்தின் போன்.
தம்பி ஒரே சொல்லில் முடித்துக்கொண்டான்:
தெரியவில்லை.
வானொலி அதையே
பத்து நிமிடம் கழித்து நீளமாகச் சொன்னது.

இறங்கி வந்து
ஆறாம் வெர்ஷனைத் திரும்ப அழைத்து
அதன் எண்ணை ஆணியடித்து வைத்தேன்.
மாற்றத்துக்குக் காரணம் கேட்ட பெட்டியில்
"மஸ்கட்டில் பிறை தெரியவில்லை" என்று எழுதினேன்.
தணிக்கைக்கு வருகிறவர் என்ன நினைப்பாரோ.

பிறகு லைப்ரரிக்காரர்களுக்கு ஒரு பிழை அறிக்கை.
இந்தப் பிழையை மறுபடி உண்டாக்கும் வழி:
ஒன்று, குன்றில் ஏறவும்.
இரண்டு, மேற்கே பார்க்கவும்.
மூன்று, எதுவும் தெரியக்கூடாது.

எதிர்பார்த்தது என்ன, என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் கர்சர் துடித்தது.
"கேட்டிருக்கலாம்" என்று போட்டேன்.

ஸஹருக்கு எழுந்தபோது பதில் வந்திருந்தது.
ஹென்ரிக் என்று ஒருவர், மிக மரியாதையாக:
இது அபூர்வமான நிலைமை போலத் தெரிகிறது.
எத்தனை பேரைப் பாதிக்கும்?

உடனே எழுதவில்லை.
முட்டையும் ரொட்டியும் தின்று, தொழுது,
துவைத்த துணிகளை எடுத்து மடித்தேன்.

ஐந்து இருபதுக்கு ஓட்டுநர் குல் ஸமானின் குரல்செய்தி.
பின்னணியில் கதவு அடைபடும் சத்தம், யாரோ இருமுகிறார்,
யாரோ உள்ளே தள்ளிப் போகச் சொல்கிறார்.
அவர் இந்தி எனக்குப் பாதிதான் புரியும்,
எண்கள் மட்டும் தெளிவாகப் புரியும்.

ஹென்ரிக்குக்கு எழுதினேன்:
உட்கார்ந்து நாற்பத்தைந்து.
நின்றபடி ஒன்பது.