ஸ்டெப்னி உட்கார்ந்த இடம்

ஒரு ஆள் இடத்தை டயர் தின்றுகொண்டிருந்தது.
தேன்கனிக்கோட்டைச் சந்தை முடிந்து ஏறினால்
ஒன்பது பேர், இரண்டு ராகி மூட்டை,
நடுவில் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி
மல்லாந்து கிடக்கும் ஸ்டெப்னி.
அதன்மேல் கெம்பம்மா.
ஒவ்வொரு குழிக்கும் என்னைத் திட்டுவாள்
கன்னடத்தில்.
பெரிய குழிக்கு மட்டும் தமிழில்.

அன்சாரின் பழைய இரும்புக் கடையில்
எடை போட்டு வாங்கினேன்:
கிரானைட் குவாரியிலிருந்து வந்த சி-சேனல், ஐந்தடி.
டிராக்டர் டிரெய்லர் ஹப் ஒன்று,
சுற்றிக் காட்டி, தேன் மாதிரி என்றான்.
டவுன் பஸ் கதவின் கொண்டி.
சங்கிலியை இனாமாகப் போட்டவன்
வீட்டுக்குத் தெரியாமல் வாங்குகிற முகத்தை
மாற்றிக்கொள் நாகவேணி என்றான்.
தெரியாமல்தான் வாங்கினேன்.

திம்மராயன் மெஷினைக் கொடுத்தான்,
கையைக் கொடுக்கவில்லை.
உன் அளவுக்கு நான் போட்டால்
என் பேர் கெடும், நீயே போடு.

மும்முனைக் கரண்ட் எங்கள் பக்கம்
ராத்திரி ஒன்றரைக்குத்தான் வரும்.
ஊரெல்லாம் மோட்டார் போட்டுத்
தக்காளிக்குத் தண்ணீர் கட்டியது.
நான் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு
மோட்டார் கொட்டகையில் நெருப்பு வைத்தேன்.
முதல் தையல், கோழி கொத்திய மாதிரி.
இரண்டாவது, ஓட்டை.
மூன்றாவதை கிரைண்டரில் சீவித் தள்ளினேன்.
பிறகு பொட்டுப் பொட்டாய்ப் பிடிக்க வைத்து,
மூலைமட்டம் பார்த்து,
மூச்சை அடக்கி
ஒரே இழுப்பு.
கசடு தானாகச் சுருண்டு விழுந்தது.
அடியில் ஒரு சாண் நீளத்துக்கு
கெண்டைச் செதில்.
யாரிடம் காட்டுவது அந்த நேரத்தில்.

சட்டையில் பதினொரு பொத்தல்.
எண்ணியது அவர்.
வேறொன்றும் கேட்கவில்லை,
மறுநாள் இன்னொரு பழைய சட்டை
கொட்டகை ஆணியில் தொங்கியது.

டயரை மாட்டியதும்
கை முக்கால் அங்குலம் தலை குனிந்தது.
வெறும் கையில் மட்டம் பார்த்தது என் தப்பு.
கொண்டிக்குக் கீழே சாய்வாய் ஒரு தகடு வைத்தேன்.
மூடும்போது டயர் அதில் ஏறி
உட்கார்ந்துகொள்ளும்.
எஃப்.சி. நாளில் கழற்ற ஆறு போல்ட்.
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர்.
இதை நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

கார்த்திகையில், ராகி முற்றும் சமயம்,
அஞ்செட்டி ரோட்டின் இரண்டாம் வளைவில்
ஒற்றை ஆனை.
ரோட்டுக்குக் குறுக்கே,
எந்த அவசரமும் இல்லாமல்.
வண்டிக்குள் பேச்சு நின்றது.
ரிவர்ஸ் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன்:
முழுக்க டயர்.
என் டயர், என் கை, என் கொண்டி,
வழி மட்டும் இல்லை.

கெம்பம்மா தலையை வெளியே நீட்டி
பா... பா... பா... என்றாள்.
வந்தேன், வந்தேன்,
ஆனையின் காது ஒரு முறை விரிந்தது,
வந்தேன்,
டங்.

கெம்பம்மா தமிழில் ஒரு வார்த்தை சொன்னாள்.

ஆனை எங்களைப் பொருட்படுத்தவில்லை.
மூங்கிலை ஒதுக்கிக்கொண்டு இறங்கிப் போனது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
புளியமரத்துக்குப் பட்டை உரிந்திருந்தது.
சேனல் ஒரு விரல்கடை உள்ளே.
தையல் எல்லாம் பிடித்திருந்தன,
மறைவாய் இருக்கிறதென்று சீவாமல் விட்ட
கோழி கொத்தியதும்.

இப்போது கொண்டியை மூட
இடுப்பால் ஒரு இடி தேவை.
உள்ளே காலியான ஒரு ஆள் இடத்தில்
இரண்டு பேர் உட்காருகிறார்கள், ஒரு ஆடும்.
கெம்பம்மா மட்டும் அதே நடுவில்,
தகரத் தரையில்.
டயரே மெத்தென்று இருந்தது என்கிறாள்,
சின்னக் குழிக்கும்
தமிழில்.